கவுன்சில் கேட்பது நான்கே கேள்விகள்: இங்கிலாந்தில் மதுபான லைசன்சும் நிகழ்ச்சி அனுமதியும்

லண்டனில் கடை எடுக்கப் போகிறேன் என்று யாராவது வந்தால், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "லைசன்ஸ் ஆரின்ட பேரில இருக்கு?" பாதிப் பேர் சொல்லும் பதில், "அது கடையோட வரும்தானே அண்ணை." தானாக வராது. அந்த ஒரு பதிலை நம்பி முற்பணம் கொடுத்துவிட்டு, குளிர்பானமும் பாணும் மட்டும் விற்றுக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நான் சட்டத்தரணி இல்லை. தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, கூப்பிட்டால் விசாரணைக்கும் கூடப்போய்ப் பழகியவன். புதிதாக ஒஃப் லைசன்ஸ் கடையோ (மதுவை வாங்கிக்கொண்டு போகும் கடை) உணவகமோ தொடங்குபவர்களுக்கும், ஹோல் எடுத்து நிகழ்ச்சி நடத்தும் சங்கக்காரர்களுக்கும் இது உதவும்.

ஊரில் மதுவரித் திணைக்களத்தைப் பார்த்து வளர்ந்தோம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் அரசே எடுத்துக்கொண்டது. அதே 2003இல் இங்கிலாந்து தன் லைசன்சிங் சட்டத்தை மாற்றி, அதுவரை மஜிஸ்திரேட்டுகள் கையில் இருந்த இந்த அதிகாரத்தை உள்ளூராட்சிக் கவுன்சில்களிடம் ஒப்படைத்தது. 2005 நவம்பர் 24 முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே சட்டம். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள், ஆகவே கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கும் மச்சானிடம் கேட்டுவிட்டு ஹரோவில் விண்ணப்பம் போடாதீர்கள்.

நான்கு கேள்விகள்

எந்த விண்ணப்பமாக இருந்தாலும் கவுன்சில் நான்கு விஷயங்களை மட்டுமே பார்க்கலாம். குற்றமும் ஒழுங்கீனமும் வருமா? மக்களின் பாதுகாப்புக்கு ஆபத்தா? அயலவருக்குத் தொல்லையா? பிள்ளைகளுக்குத் தீங்கா?

இந்தத் தெருவில் ஏற்கெனவே நான்கு கடை இருக்கிறதே, ஐந்தாவது எதற்கு என்ற கேள்வி இதில் இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் சாராயமா என்பதும் இல்லை. வீட்டு விலை குறையும், என் வியாபாரம் படுத்துவிடும் என்பவையும் எடுபடா. எதிர்ப்பவர் எந்த வாதத்தோடு வந்தாலும் இந்த நான்கில் ஒன்றோடு அதைக் கட்டிக் காட்ட வேண்டும். உங்களுக்கும் அதே விதிதான்: "குடும்பம் கஷ்டப்படுது, வீட்டுக் கடன் இருக்கு" என்று விசாரணையில் உருகினால் கவுன்சிலர்கள் பரிவோடு கேட்டுக்கொள்வார்கள், கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு. கடைகளும் பார்களும் நெருங்கிப்போய் மொத்தமாகத் தொல்லை கூடிய பகுதிகளைச் சில கவுன்சில்கள் ஆதாரத்தோடு அறிவித்து வைத்திருக்கும். அங்கே புதிதாக வருபவர்தான், தன்னால் நிலைமை மோசமாகாது என்று காட்ட வேண்டியிருக்கும். உங்கள் தெரு அதற்குள் வருகிறதா என்பதைக் கவுன்சிலின் லைசன்சிங் கொள்கை ஆவணத்தில் பார்க்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சட்டம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்த ஆவணத்தைப் படித்துவிட்டு வந்த விண்ணப்பதாரர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

யாருக்கு என்ன லைசன்ஸ்

மது விற்க இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று இடத்துக்கு, பிரமிசஸ் லைசன்ஸ். மற்றது ஆளுக்கு, பேர்சனல் லைசன்ஸ். பேர்சனல் லைசன்ஸுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமை வேண்டும், அதற்குரிய தேர்வில் தேற வேண்டும், அடிப்படைக் குற்றப்பதிவுச் சான்று எடுக்க வேண்டும். கட்டணம் 37 பவுண்ஸ். கடை எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக் கவுன்சிலுக்குத்தான் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு பத்து வருடத்தில் காலாவதியாகும். 2015இல் அதை நீக்கிவிட்டார்கள்.

பேர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கடையின் பொறுப்பாளராகப் பெயர் கொடுக்க வேண்டும். இவரைத்தான் எல்லோரும் டிபிஎஸ் என்பார்கள். டிபிஎஸ் நாள் முழுக்கக் கடையில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பொலிஸ் வந்தால் தேடும் முதல் ஆள் அவர்தான். பெயரை மட்டும் கடன் கொடுத்துவிட்டு லெஸ்டரில் இருந்தால் அவருக்கும் தொல்லை, உங்களுக்கும் தொல்லை.

உணவகக்காரர்கள் மறப்பது இன்னொன்று. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சூடான உணவோ பானமோ விற்கவும் லைசன்ஸ் வேண்டும். ஒரு துளி மது இல்லாவிட்டாலும், 11:10க்குச் சுடச்சுடப் போடும் கொத்து ரொட்டி இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

கடை வாங்குவதற்கு முன்

ஒவ்வொரு கவுன்சிலும் லைசன்ஸ் பதிவேடு ஒன்றை மக்கள் பார்க்கத் திறந்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இணையத்திலேயே கடையின் முகவரியைப் போட்டுத் தேடலாம். அங்கே லைசன்ஸ் யார் பெயரில், எத்தனை மணி வரை, என்னென்ன நிபந்தனைகளோடு என்று பாருங்கள். பிறகு விற்பவரிடம் முழுப் பிரதியைக் கேளுங்கள். சுவரில் தொங்குவது சுருக்கம்தான். நிபந்தனைகள் முழுப் பிரதியில் இருக்கும். வருடாந்தக் கட்டணம் கட்டியிருக்கிறாரா என்று கவுன்சிலிடமே கேட்டுவிடுங்கள், கட்டாத லைசன்ஸை இடைநிறுத்துவார்கள்.

எல்லாம் சரி என்றால், பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு 23 பவுண்ஸ், டிபிஎஸ் மாற்றத்துக்கு 23 பவுண்ஸ். விற்பவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். சாவி கைமாறும் அன்றே அந்தக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். காசு வாங்கியவர் மறுநாள் தொலைபேசியை எடுக்கமாட்டார். உடனடியாக நடைமுறைக்கு வர வேண்டும் என்று படிவத்தில் குறித்தால் அன்றிலிருந்தே விற்கலாம். பொலிஸுக்கு ஆட்சேபிக்க 14 நாள் இருக்கிறது, பெரும்பாலும் ஆட்சேபிப்பதில்லை. புதிய லைசன்ஸுக்கு அலைவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

புதிதாக விண்ணப்பிப்பவருக்கு

கட்டணம் கட்டடத்தின் வணிக வரி மதிப்பீட்டைப் பொறுத்தது. 4,300 பவுண்ஸ் வரை என்றால் 100, அதற்கு மேல் 33,000 வரை 190, 87,000 வரை 315 பவுண்ஸ் என்று ஏறும். மூலைக்கடைகள் பல 190இல் நிற்கும். வருடாந்தம் கட்டுவது 180. படிவம், கடையின் வரைபடம், டிபிஎஸ் ஆக இருப்பவரின் சம்மதம் இவை கட்டாயம். வரைபடம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், மது அடுக்கும் இடம், வெளியேறும் வழி, தீயணைப்புச் சாதனம் எல்லாம் குறித்து இருக்க வேண்டும்.

படிவத்தில் உயிரான பகுதி ஒன்றுதான். மேலே சொன்ன அந்த நான்கு விஷயங்களிலும் பிரச்சினை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நீங்களே எழுதும் பகுதி. முகவர்கள் இதற்கு ஆயத்தமாக ஒரு பக்கம் வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் அதையே ஒட்டிவிடுவார்கள். நீங்கள் அங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் நாளைக்கு உங்கள் லைசன்ஸின் நிபந்தனையாக மாறும். நிபந்தனையை மீறி விற்பது குற்றம். வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவர், "மது விற்கும் நேரம் முழுவதும் பேர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருவர் கடையில் இருப்பார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கேஷ் அன்ட் கெரிக்குச் சரக்கு எடுக்கப் போன ஒவ்வொரு காலையும், மனைவி டில்லில் நின்று ஒரு பியர் விற்ற ஒவ்வொரு தடவையும், அவர் தன் லைசன்ஸை மீறிக்கொண்டிருந்தார். யாரும் கேட்டிராத வாக்குறுதி அது. அதைத் திருத்த இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம்.

ஆகவே செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள். கமராப் பதிவை 31 நாள் வைத்திருப்போம், கேட்டால் எடுத்துக்காட்டத் தெரிந்த ஒருவர் கடையில் இருப்பார் (அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தால்). 25 வயதுக்குக் குறைவாகத் தெரியும் எவரிடமும் அடையாள அட்டை கேட்போம். விற்க மறுத்தவற்றைப் புத்தகத்தில் எழுதுவோம். வேலையாட்களுக்குக் கொடுத்த பயிற்சிக்குப் பதிவு இருக்கும். வாசலுக்கு வந்து விற்பவரிடம் மது வாங்கமாட்டோம், பில்களைக் கடையிலேயே வைத்திருப்போம். தெருவில் குடிப்பவர்களால் தொல்லை உள்ள இடம் என்றால், 6.5 வீதத்துக்கு மேல் வீரியமுள்ள பியர், சைடர் விற்பதில்லை என்றும் ஒற்றை ரின்னாக விற்பதில்லை என்றும் பொலிஸ் கேட்பார்கள். இப்ஸ்விச் நகரில் 2012இல் கடைக்காரர்களே இப்படி முன்வந்து நிறுத்தியதைப் பார்த்துப் பல ஊர்கள் அதைப் பிடித்துக்கொண்டன. லாபம் கொஞ்சம் குறையும். பொலிஸின் எதிர்ப்பு இல்லாமல் போவதோடு பார்த்தால் மலிவுதான் என்பது என் கணிப்பு.

28 நாள்

விண்ணப்பம் கொடுத்த மறுநாளில் இருந்து 28 நாள் யாரும் கருத்துச் சொல்லலாம். வெளிர் நீலத் தாளில், ஏ4 அளவுக்குக் குறையாமல், 16க்குக் குறையாத எழுத்தில் அச்சடித்த அறிவித்தலைக் கடை வாசலில், தெருவில் நின்று படிக்கக்கூடிய மாதிரி, 28 நாளும் ஒட்டி வைக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் பத்து வேலை நாட்களுக்குள் ஒரு தடவை விளம்பரம் போட வேண்டும். நான் கூடப்போன ஒரு கடையில் நீலத் தாளை ஒட்டிய மூன்றாம் நாளே, தொலைபேசி அட்டை விளம்பரத்தை அதற்கு மேல் யாரோ ஒட்டிவிட்டார்கள். கவுன்சில் அதிகாரி வந்து பார்த்து, முதலில் இருந்து எண்ணச் சொன்னார். அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்வது: தினமும் கடை திறக்கும்போது தாளை ஒரு படம் எடுங்கள்.

கருத்துச் சொல்ல உரிமையுள்ள அதிகாரிகள்: பொலிஸ், தீயணைப்பு, சுற்றாடல் சுகாதாரம், திட்டமிடல், பிள்ளைகள் பாதுகாப்பு, வர்த்தகத் தரக் கண்காணிப்பு, பொதுச் சுகாதாரம், குடிவரவுத் துறை, இன்னும் சிலர். அயலவர் எவரும் எழுதலாம். இத்தனை மீற்றருக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லை இப்போது இல்லை.

யாருமே எழுதாவிட்டால்? கவுன்சில் லைசன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்க அதிகாரம் இல்லை. விசாரணையும் இல்லை, கவுன்சிலர் முகத்தையே பார்க்கமாட்டீர்கள். புதியவர்களால் இதை நம்ப முடிவதில்லை. அனுமதி என்றாலே ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து யோசித்துக் கையெழுத்துப் போடுவார் என்று பழகிவிட்டோம்.

அதனால் உழைக்க வேண்டியது இந்த 28 நாளில், இன்னும் சரியாகச் சொன்னால் அதற்கு முந்திய இரண்டு வாரத்தில். விண்ணப்பம் போடும் முன்பே பொலிஸின் லைசன்சிங் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வரைவைக் காட்டுங்கள். அவர் கேட்கும் நிபந்தனை நியாயமாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள், அவர் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார். மேல்மாடியில் குடியிருப்பவர் எழுதினால் அவரையும் சந்தியுங்கள். கடைக்குப் பின்னால் வெற்றுப் போத்தல்களை இரவு பத்து மணிக்குப் பெட்டிக்குள் கொட்டும் சத்தம்தான் பல நேரம் பிரச்சினையாக இருக்கும். காலையில் கொட்டுகிறேன் என்ற ஒரு வரியில் முடிந்துபோன ஆட்சேபங்களைப் பார்த்திருக்கிறேன்.

விசாரணை என்று வந்தால்

ஒருவராவது ஆட்சேபத்தில் உறுதியாக நின்றால், 28 நாள் முடிந்து 20 வேலை நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். லைசன்சிங் குழுவில் இருந்து மூன்று கவுன்சிலர்கள், பக்கத்தில் சட்ட ஆலோசகர், அறிக்கையை வாசிக்கும் அதிகாரி. வருவீர்களா, யார் பேசுவார் என்பதை ஐந்து வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். படங்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். அன்றைக்குக் கையில் கொண்டுபோனால் மற்றத் தரப்பு எல்லோரும் சம்மதித்தால்தான் அதைப் பார்ப்பார்கள். சம்மதிக்கமாட்டார்கள்.

நம்மவர்கள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குழுவில் தமிழ்க் கவுன்சிலர் ஒருவர் இருக்கிறார் என்றால் உடனே ஒரு போன் கோல். அவர் நேர்மையானவர் என்றால், நீங்கள் பேசியதைச் சொல்லிவிட்டு அந்த விசாரணையில் இருந்து எழுந்து போய்விடுவார். உங்கள் தெருவையும் தொழிலையும் நன்றாகப் புரிந்திருக்கக்கூடிய ஒருவரை நீங்களே வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

உள்ளே நடப்பது நீதிமன்றம் மாதிரி இல்லை. ஒவ்வொருவருக்கும் சம நேரம், பிறகு கேள்விகள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் உதவிக்கு ஆள் கூட்டிப் போகலாம். கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். "17 வயதுப் பையன் விஸ்கி கேட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் அவர்கள் எதிர்பார்ப்பது என்னென்ன அட்டைகளை ஏற்பீர்கள், மறுத்ததை எங்கே எழுதுவீர்கள் என்ற விவரம். "நாங்க அப்படிச் செய்யிற ஆக்கள் இல்லை" என்பது பதிலாகாது.

பயம் வேறு, ஆதாரம் வேறு என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. லிவர்பூலுக்கு அருகே உள்ள விர்ரல் (Wirral) பகுதியில் சோகல் ஹொட்டல் என்ற பப்புக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. அயலவர் மேன்முறையீடு செய்தார்கள். பொலிஸ் எதிர்க்கவில்லை, அந்த நேரத்தில் ஏற்கெனவே திறந்து நடத்தியும் பிரச்சினை வரவில்லை. ஆனாலும் மற்றப் பப்புகளில் இருந்து ஆட்கள் வந்து குவிவார்களே என்று அஞ்சி மஜிஸ்திரேட்டுகள் நேரத்தைக் குறைத்தார்கள். 2008இல் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது: ஊகத்தில் தீர்மானிக்க முடியாது, ஆதாரம் வேண்டும். விசாரணைகளில் இன்றைக்கும் அந்த வழக்கைச் சொல்வார்கள். நீங்கள் ஆட்சேபிக்கும் அயலவராக இருந்தால் இது உங்களுக்கும் பாடம்: "சத்தம் வரும்" என்று எழுதாதீர்கள், எந்தெந்த இரவு, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது என்று குறிப்பு வைத்து எழுதுங்கள். பெயரும் முகவரியும் வழக்கமாக விண்ணப்பதாரருக்குத் தெரியவரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அன்றே வரலாம், அல்லது ஐந்து வேலை நாட்களுக்குள். பிடிக்காவிட்டால் 21 நாட்களுக்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்குச் செலவு தலையில் விழக்கூடும். ஒரு மணி நேரக் குறைப்புக்காக நான் போகச் சொல்லமாட்டேன்.

ஹோலில் நிகழ்ச்சி

முதலில் நல்ல செய்தி. பல நிகழ்ச்சிகளுக்கு ஒன்றுமே வேண்டாம். காலை 8 முதல் இரவு 11க்குள், 500 பேருக்கு மேற்படாத அரங்கேற்றத்துக்குக் கவுன்சிலிடம் லைசன்ஸ் தேவையில்லை. கல்யாண வீட்டில் நீங்களே வாங்கி வைத்து இலவசமாகக் கொடுக்கும் போத்தலுக்கும் வேண்டாம். ஹோல்காரர் விடுவாரா என்பது வேறு கதை. ஆனால் 40 பவுண்ஸ் டிக்கெட்டில் "குடிவகை இலவசம்" என்று போட்டால் அது விற்பனை. நன்கொடை என்று பெயர் வைத்தாலும் விற்பனைதான்.

மது விற்கப் போகிறீர்கள், ஹோலுக்குச் சொந்த லைசன்ஸ் இல்லை என்றால் டெம்பரறி இவன்ட் நோட்டிஸ் (தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல்) கொடுக்க வேண்டும், சுருக்கமாக டென் என்பார்கள். 21 பவுண்ஸ். வேலையாட்கள், மேளக்காரர் உட்பட ஒரே நேரத்தில் 499 பேர் வரைதான். ஒரு நிகழ்ச்சி 168 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரே இடத்தில் வருடத்துக்கு 15 தடவை, மொத்தம் 21 நாள். பேர்சனல் லைசன்ஸ் இல்லாத ஒருவர் வருடத்தில் ஐந்து டென் போடலாம், உள்ளவர் ஐம்பது. 499ஐத் தாண்டும் பூங்காத் திருவிழா என்றால் முழு பிரமிசஸ் லைசன்ஸ்தான். அதற்குப் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

டென் கவிழ்வது நாட்களை எண்ணுவதில்தான். பத்து முழு வேலை நாள் வேண்டும். கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் சேராது, சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை சேராது. சித்திரைப் புத்தாண்டு நிகழ்ச்சிகள் ஈஸ்டரோடு முட்டிக்கொள்வதால் சங்கங்கள் இங்கேதான் தடுக்கி விழும். 2026 ஏப்ரல் 18 சனிக்கிழமை நிகழ்ச்சி என்று வையுங்கள். பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் இடையில் வருவதால், ஏப்ரல் 1 புதன்கிழமைக்குள் கவுன்சிலின் கையில் இருக்க வேண்டும். ஐந்து முதல் ஒன்பது வேலை நாள் மட்டும் இருந்தால் "லேற் டென்" போடலாம்.

டென்னை எதிர்க்கப் பொலிஸாலும் சுற்றாடல் சுகாதாரப் பிரிவாலும் மட்டுமே முடியும், மூன்று வேலை நாட்களுக்குள். அயலவருக்கு இதில் வாய் இல்லை. சாதாரண டென்னுக்கு எதிர்ப்பு வந்தால் விசாரணையில் வாதிடலாம். லேற் டென்னுக்கு ஒரு எதிர்ப்பு வந்தாலே கதை முடிந்தது. பாடகருக்கு முற்பணம் கொடுத்த பிறகு லேற் டென் போடுவது சூதாட்டம்.

லைசன்ஸ் வந்த பிறகு

லைசன்ஸை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று எவரும் எப்போதும் கேட்கலாம். அப்போதும் மூன்று கவுன்சிலர்கள்தான். மூன்று மாதம் வரை இடைநிறுத்தலாம், முற்றாகப் பறிக்கலாம். வேலை செய்ய உரிமையில்லாதவரை வைத்திருந்தது, வரி கட்டாத போத்தல் வாங்கியது இரண்டும் முதல் தடவையிலேயே பறிக்க யோசிக்கும் அளவுக்குப் பாரதூரமானவை. பள்ளி விட்டு வந்த 16 வயது மகளை டில்லில் விட்டு மேலே சாப்பிடப் போவதும் ஆபத்து: 18க்குக் குறைந்தவர் மது விற்றால், ஒவ்வொரு விற்பனைக்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் அந்த இடத்திலேயே சம்மதம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, யாரும் எதிர்பாராத ஒன்று. லைசன்ஸைக் கம்பனி பெயரில் எடுத்திருந்து, கணக்கறிக்கை அனுப்பாமல் விட்டு அந்தக் கம்பனி பதிவில் இருந்து நீக்கப்பட்டுக் கலைந்தால், அந்த நிமிடமே லைசன்ஸும் செத்துவிடும். கவுன்சில் கடிதம் போடாது, ஃபிரிட்ஜ் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், நீங்கள் விற்றுக்கொண்டுதான் இருப்பீர்கள். 28 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டால் மீட்கலாம். தாண்டினால் திரும்பவும் நீலத் தாள், பத்திரிகை விளம்பரம், இன்னொரு 28 நாள். கணக்காளரிடம் இருந்து வரும் கடிதங்களை உடைத்துப் படியுங்கள்.